ஜி.ஆர்.இ. கணிதம்: பயிற்சிக் கணக்குகளை எப்படிப் போடுவது?

கதிர்மதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அளவு ஒப்பீட்டு வினா ஒன்று பிடிபடவே மாட்டேன் என்கிறது. மாறியை ‘க’ என்று எழுதுகிறேன்.

கொடுத்திருப்பது: க² > க
முதல் அளவு: க³
இரண்டாம் அளவு: க²

தெரிவுகள் வழக்கமானவைதான். முதல் அளவு பெரியது என்றால் ஏ, இரண்டாம் அளவு பெரியது என்றால் பி, இரண்டும் சமம் என்றால் சி, கொடுத்த தகவலை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றால் டி.

க² > க என்பதன் இரு பக்கத்தையும் க-ஆல் வகுத்தால் க > 1 என்று வருகிறது. ஒன்றைவிடப் பெரிய எண்ணுக்கு வர்க்கத்தைவிடக் கனம்தான் பெரியது. அப்படியானால் விடை ஏ. ஆனால் புத்தகத்தின் விடைப் பட்டியலில் டி என்று போட்டிருக்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

கூடவே ஒரு பொதுக் கேள்வி. பயிற்சிக் கணக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. சிலர் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தள்ளச் சொல்கிறார்கள். சிலர் கொஞ்சமாகப் போட்டாலும் ஊன்றிப் போடச் சொல்கிறார்கள். இங்கே தேர்வை எழுதி முடித்தவர்களும் கணிதம் கற்பிப்பவர்களும் இருக்கிறீர்கள். எந்த வழி பலன் தரும்?


பகாஎண் எழுதியது:

க = −2 என்று வைத்துப் பாருங்கள். 4 > −2, நிபந்தனை பொருந்துகிறது. கனம் −8, வர்க்கம் 4. இரண்டாம் அளவு பெரியது.

க = 2 என்று வைத்தால் 8, 4. முதல் அளவு பெரியது.

ஒரே நிபந்தனைக்குள் இரண்டு விதமாகவும் வருவதால் டி.


மாறிலி எழுதியது:

பகாஎண் சொன்னது சரி. ஆனால் கதிர்மதி கேட்டது “எங்கே இடிக்கிறது” என்று. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இடிப்பது க-ஆல் வகுத்த இடத்தில். அசமன்பாட்டை ஒரு குறை எண்ணால் வகுத்தாலோ பெருக்கினாலோ குறி திரும்பிவிடும். க மிகை எண்ணா குறை எண்ணா என்று வினாவில் எங்கும் சொல்லவில்லை. அதைக் கேட்காமலே வகுத்தபோது, க மிகை எண் என்று நீங்களே ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டீர்கள். வினா தராத அந்த நிபந்தனையோடு பார்த்தால் உங்கள் விடை முற்றிலும் சரி.

வகுப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள். க² − க > 0, அதாவது க(க − 1) > 0. இரண்டு காரணிகளின் பெருக்கம் மிகை என்றால் இரண்டும் மிகையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் குறையாக இருக்க வேண்டும். ஆகவே க > 1 அல்லது க < 0. நீங்கள் பிடித்தது முதல் பாதி. கைவிட்டது இரண்டாவது பாதி.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். க³ − க² = க²(க − 1). இங்கே க² எப்போதும் மிகை, ஆகவே முடிவு முழுக்க (க − 1)-இன் குறியைப் பொறுத்தது. க > 1 என்றால் மிகை, க < 0 என்றால் குறை. அதனால்தான் டி.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எத்தனை கணக்கு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விடை தெரிந்த பிறகு அந்தக் கணக்கை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றுதான் என் மாணவர்களிடம் கேட்பேன். பெரும்பாலோர் விடையைச் சரிபார்த்த கையோடு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அங்கே நில்லுங்கள். வினாவை நீங்களே மாற்றுங்கள்.

இதையே எடுத்துக்கொள்வோம். நிபந்தனையோடு ‘க > 0’ என்று ஒரு வரி சேர்த்தால் விடை என்ன? நிபந்தனையை க² < க என்று திருப்பினால் என்ன? நிபந்தனையை அப்படியே விட்டு, இரண்டு அளவுகளையும் க⁴, க² என்று மாற்றினால் என்ன? மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு கணக்கிலிருந்து கிடைப்பது இதே வகையில் புதிதாகப் பத்துக் கணக்குப் போட்டாலும் கிடைக்காது.


விரைவோடி எழுதியது:

மாறிலி ஐயா மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் மாறுபடுகிறேன்.

தேர்வு இப்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2023 செப்டம்பரில் அதைச் சுருக்கிவிட்டார்கள். கணிதத்தில் இரண்டு பகுதிகள். முதலாவதில் 12 வினாக்களுக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 வினாக்களுக்கு 26 நிமிடம். ஆக 27 வினாக்களுக்கு 47 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, முதல் பகுதியை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது. அங்கே உட்கார்ந்து காரணிப்படுத்திக்கொண்டிருக்க நேரம் ஏது?

நான் கையாளும் வழி எண்களை வைத்துப் பார்ப்பது. 0, 1, −1, 2, −2, ½, −½. இந்த ஏழையும் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். நிபந்தனைக்குப் பொருந்தாததைத் தள்ளிவிட்டு மீதியை வரிசையாக வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். இந்த வேகம் நிறையக் கணக்குப் போட்டால்தான் வரும். ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் வராது.


கதிர்மதி எழுதியது:

மாறிலி ஐயா கேட்ட மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

க > 0 சேர்த்தால் குறை எண்கள் எல்லாம் விலகிவிடுகின்றன. க > 1 மட்டும்தான் மிச்சம். விடை ஏ.

க² < க என்றால் க(க − 1) குறை. ஒரு காரணி மிகையாகவும் மற்றது குறையாகவும் இருக்க வேண்டும். க எப்போதும் க − 1-ஐவிடப் பெரியது என்பதால் க மிகை, க − 1 குறை. அதாவது 0 < க < 1. அப்போது க²(க − 1) குறை. விடை பி.

மூன்றாவதில் க⁴ − க² = க²(க − 1)(க + 1). க > 1 என்றால் மிகை. க < −1 என்றாலும் மிகைதான், ஏனென்றால் இரண்டு குறைகள் பெருக்கப்படுகின்றன. ஆனால் க −1-க்கும் 0-க்கும் நடுவில் இருந்தால் குறை. க = −1 என்றால் சமம். எனவே டி. −2-ஐ வைத்துப் பார்த்தபோது 16, 4 என்று வந்ததால் முதலில் ஏ என்றே தோன்றியது. −½-ஐ வைத்த பிறகுதான் பிடிபட்டது.


மாறிலி எழுதியது:

அருமை. மூன்றும் சரி. மூன்றாவதில் −1-ஐத் தனியே எடுத்துப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விரைவோடிக்கு: எண் வைத்துப் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேர்வு அறையில் அது நல்ல கருவி. ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். எண்களை வைத்து டி என்பதை நிறுவலாம். இரண்டு எண்கள் இரண்டு வேறு முடிவுகளைத் தந்துவிட்டால் வேலை முடிந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் ஏ, பி, சி மூன்றையும் எண்களால் நிறுவவே முடியாது. ஆறு எண்களுக்கு முதல் அளவு பெரியதாக வந்தால், ஏழாவதுக்கும் அப்படித்தான் வரும் என்பதற்கு என்ன உறுதி?

இதைப் பாருங்கள்.

கொடுத்திருப்பது: க > 0
முதல் அளவு: க + 1/க
இரண்டாம் அளவு: 2

க = 2 என்றால் 2.5. க = 3 என்றால் 3⅓. க = ½ என்றால் மறுபடி 2.5. க = 10 என்றால் 10.1. எல்லாமே 2-க்கு மேல். அவசரத்தில் ஏ என்று அடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். க = 1 என்று வைத்தால் 1 + 1 = 2, சமம். விடை டி. உங்கள் ஏழு எண்களில் 1 இருக்கிறது, ஆகவே நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். ஆனால் இரண்டாவது அளவை 2-லிருந்து 4 ஆக்கி, முதல் அளவை க + 4/க என்று மாற்றிவிட்டால்? சமம் வருவது க = 2-இல். 6, க + 9/க என்று மாற்றினால் க = 3-இல். அந்த 3 உங்கள் பட்டியலில் இல்லை.

கழித்துப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. க + 1/க − 2 = (க − 1)²/க. வர்க்கம் ஒருபோதும் குறையாகாது. க மிகை. ஆகவே வித்தியாசம் பூச்சியம் அல்லது அதற்கு மேல்; பூச்சியமாவது க = 1-இல் மட்டும். ஒரே வரியில் மொத்தப் படமும் தெரிந்துவிடுகிறது. க ≠ 1 என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் விடை ஏ ஆகிவிடும் என்பதும் அதே வரியிலேயே இருக்கிறது.

தேர்வு அறையில் ஒன்றே முக்கால் நிமிடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து போடும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போடச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் ஆற அமரப் பார்த்துப் பழகிய வடிவம்தான் அங்கே சட்டென்று கண்ணில் படும்.


விரைவோடி எழுதியது:

க + 9/க நல்ல உதாரணம். எண் வைத்து முதல் அளவு பெரியது என்று வந்தால், எப்போதாவது சமம் ஆகுமா என்று கழித்துப் பார்க்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் கடைசிக் கட்டத்திலாவது கடிகாரம் வேண்டும். கணிதம் நன்றாகத் தெரிந்தும் கடைசி மூன்று வினாக்களைப் படிக்காமலே வெளியே வந்தவர்களை நான் அறிவேன். அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது.


கோணமானி எழுதியது:

நான் வடிவியலிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மாற்றிப் பார்க்கும் பழக்கம் அங்கே இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு முக்கோணம் வரைந்திருக்கிறார்கள். இரண்டு பக்கங்களின் நீளம் 5, 7. அவை சேரும் மூலை பார்ப்பதற்குச் செங்கோணம் போலவே இருக்கிறது, ஆனால் அங்கே செங்கோணக் குறி எதுவும் இல்லை.

முதல் அளவு: முக்கோணத்தின் பரப்பளவு
இரண்டாம் அளவு: 17.5

பாதி × 5 × 7 = 17.5, ஆகவே சமம் என்று சி-யைத் தேர்ந்தெடுக்கக் கை துறுதுறுக்கும். தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் வழிமுறைகளிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கோடு, வட்டம், முக்கோணம், நாற்கரம் போன்ற வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று கொள்ளக் கூடாது. ஆயத்தொலைத் தளங்களும் தரவு வரைபடங்களும் அளவுப்படி வரையப்பட்டவை; அவற்றைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாம். இந்த வேறுபாட்டை அறியாமலே பயிற்சி செய்பவர்கள் நிறையப் பேர்.

7-ஐ அடிப்பக்கமாக வையுங்கள். 5 நீளமுள்ள பக்கம் அதன் ஒரு முனையில் கதவு போலத் திரும்பட்டும். நேராக நிமிர்ந்து நிற்கும்போது உயரம் 5. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உயரம் 5-க்குக் கீழே வந்துவிடும். ஆகவே பரப்பளவு 17.5-ஐத் தாண்டவே முடியாது. அதைத் தொடலாம், அல்லது குறைவாக இருக்கலாம். விடை டி.

இப்போது மாற்றுவோம். மூன்றாவது பக்கம் 8 என்று கொடுத்தால்? 25 + 49 = 74; 8-இன் வர்க்கம் 64. சமம் இல்லை, ஆகவே செங்கோணம் இல்லை, பரப்பளவு 17.5-க்குக் குறைவு. விடை பி. மூன்றாவது பக்கம் 9 என்று கொடுத்தால்? 81. இதுவும் சமம் இல்லை. முன்னது குறுங்கோணம், இது விரிகோணம். ஆனால் இரண்டிலும் பரப்பளவு குறைவுதான், விடை பி. மூன்றாவது பக்கம் √74 என்றால் மட்டுமே சி. ஏ என்று வரும்படி இந்த வினாவை மாற்ற முயன்றேன். மூன்றாவது பக்கத்துக்கு எந்த நீளம் கொடுத்தாலும் அது நடக்காது என்று தெரிந்தபோதுதான் வினா முழுமையாகப் புரிந்த நிறைவு வந்தது.


நடுநிசி எழுதியது:

பகலெல்லாம் வேலை, இரவில்தான் படிப்பு. இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. எனக்கு நடைமுறைச் சந்தேகங்கள் சில. தேர்வில் தரும் கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்? தெரியாத வினாவை விட்டுவிட வேண்டுமா, ஊகித்து எழுத வேண்டுமா? தவறுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆனால் திரும்பிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘கவனக்குறைவு’ என்றுதான் எழுதியிருக்கிறது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.


விரைவோடி எழுதியது:

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

கால்குலேட்டர் திரையிலேயே வரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அடைப்புக்குறி ஆகியவை இருக்கும். செயல்களின் வரிசையை அது மதிக்கும். 1 + 2 × 3 என்று அழுத்தினால் 7 என்றே காட்டும். எட்டு இலக்கத்துக்கு மேல் காட்டாது. எண்ணைத் தட்டச்சு செய்யும் வினாக்களில் விடையை நேரடியாகப் பெட்டிக்கு மாற்றும் பொத்தானும் உண்டு. ஆனால் அதைத் தொட வேண்டிய அவசியம் எழும்போதே கொஞ்சம் யோசியுங்கள். நீளமான வகுத்தல் தேவைப்பட்டால் பெரும்பாலும் சுருக்கு வழி ஒன்றைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். தரவு வரைபட வினாக்களில் சதவீதம் கணக்கிடத்தான் அது உண்மையில் கைகொடுக்கும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள். ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், வினாவைக் குறியிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். ஒரு வினா இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எதையாவது தேர்ந்தெடுத்து, குறியிட்டு, நகர்ந்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வாருங்கள்.

‘பொருந்துபவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க’ என்று வரும் வினாக்களில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கே பாதி மதிப்பெண் கிடையாது. மூன்று சரி என்றால் அந்த மூன்றையும், அவற்றை மட்டும், தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.


மாறிலி எழுதியது:

நடுநிசி, அந்த நோட்டைப் பற்றி நான் சொல்கிறேன். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அதிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். அது காரணத்தைச் சொல்வதில்லை, மறைக்கிறது. கதிர்மதியின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. ‘குறி தெரியாத மாறியால் அசமன்பாட்டை வகுத்தேன்’ என்று எழுதினால், அடுத்த முறை அசமன்பாட்டை வகுக்கக் கை போகும்போதே மனம் எச்சரிக்கும்.

இப்படி எழுதுங்கள்: ‘வினா கேட்டது க அல்ல, 2க + 3, க-ஐக் கண்டதும் நிறுத்திவிட்டேன்.’ ‘முழு எண் என்று வினா சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.’ ‘1 பகா எண் என்று எண்ணினேன்.’ ‘0 இரட்டை எண் என்பதை மறந்தேன்.’ சில வாரங்கள் இப்படி எழுதினால் ஒரே தவறு வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலருக்கு உண்மையான தவறுகள் ஐந்தாறுதான்.

இன்னொன்று. தவறான கணக்கை மட்டும் குறிக்காதீர்கள். சரியாக வந்து, ஆனால் ஊகித்தோ நெடுநேரம் எடுத்தோ வந்த கணக்கையும் குறியுங்கள். விடைப் பட்டியல் அதற்கு ‘சரி’ என்று போட்டுவிடும். உங்களுக்குத்தான் தெரியும் அது எப்படி வந்தது என்று.


பகாஎண் எழுதியது:

ஒரு பயிற்சி. ஜி.ஆர்.இ. பாணியில் எண்ணைத் தட்டச்சு செய்யும் வினா.

மூன்று இலக்க மிகை முழு எண்களில், 7 என்ற இலக்கம் சரியாக ஒரு முறை மட்டும் வரும் எண்கள் எத்தனை?


கதிர்மதி எழுதியது:

7 வரும் இடத்தை வைத்துப் பிரித்தேன். மூன்று இடங்களில் ஒன்றில் 7. மீதி இரண்டு இடங்களிலும் 7 தவிர ஒன்பது இலக்கங்களில் ஏதாவது ஒன்று. 3 × 9 × 9 = 243 என்று எழுதிவிட்டு, நூறாமிடத்தில் 0 வரக்கூடாதே என்று நினைவு வந்தது. ஆகவே தனித்தனியாகப் போட்டேன்.

நூறாமிடத்தில் 7: 9 × 9 = 81.
பத்தாமிடத்தில் 7: நூறாமிடத்தில் 0-உம் 7-உம் கூடாது, எட்டுத் தெரிவுகள். ஒன்றாமிடத்தில் ஒன்பது. 8 × 9 = 72.
ஒன்றாமிடத்தில் 7: இதேபோல் 72.

மொத்தம் 225.


மாறிலி எழுதியது:

சரி. இதில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 7 ஒரு முறைகூட வராத எண்கள், இரண்டு முறை வருபவை, மூன்று முறை வருபவை ஆகியவற்றையும் எண்ணுங்கள். எல்லாம் சேர்ந்து 900 வர வேண்டும், ஏனென்றால் மூன்று இலக்க எண்கள் மொத்தமே அவ்வளவுதான். எண்ணிக்கைக் கணக்குகளில் விடைப் பட்டியலைப் புரட்டாமலே நம் விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.


கதிர்மதி எழுதியது:

ஒரு முறைகூட வராதவை: 8 × 9 × 9 = 648.
இரண்டு முறை: 7 இல்லாத இலக்கம் ஒன்றாமிடத்தில் இருந்தால் 9, பத்தாமிடத்தில் இருந்தால் 9, நூறாமிடத்தில் இருந்தால் 8. ஆக 26.
மூன்று முறை: 777 மட்டும், 1.

648 + 225 + 26 + 1 = 900. அப்படியே வந்துவிட்டது! 243-ஐ வைத்திருந்தால் 918 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.


நடுநிசி எழுதியது:

இதைப் படித்ததும் நோட்டை எடுத்து, பழைய எண்ணிக்கைக் கணக்குகளை இப்படிச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டேன். மாறிலி ஐயாவுக்கு நன்றி.

இன்னொரு கேள்வி. முழு மாதிரித் தேர்வுகளை எப்போது எழுத வேண்டும்?


விரைவோடி எழுதியது:

இ.டி.எஸ். தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் இரண்டு இலவசம். உண்மையான தேர்வின் திரை, கால்குலேட்டர், நேரம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் அவற்றைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடக் கூடாது. நிலைமையை அறிய ஒன்றை ஆரம்பத்தில் எழுதலாம். மற்றதைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தயாரிக்கும் கணக்குகளில் நல்லவையும் உண்டு. ஆனால் சிலவற்றில் கணக்கீடு தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். உண்மையான வினாக்கள் பெரும்பாலும் கணக்கீட்டைச் சோதிப்பதில்லை. படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதைத்தான் சோதிக்கின்றன. முக்கோணவியலும் நுண்கணிதமும் இந்தத் தேர்வில் வராது. அவை நிரம்பிய பயிற்சித் தொகுப்பு கையில் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

எழுதி முடித்த மாதிரித் தேர்வை அன்றே மூடிவைத்துவிடாதீர்கள். மறுநாள் கடிகாரம் இல்லாமல், விடைகளைப் பார்க்காமல், அதே வினாக்களை மீண்டும் போடுங்கள். நேரக் கட்டுப்பாட்டில் தவறியதும் நேரம் இருந்தும் தவறியதும் தனித்தனியாகத் தெரியும். முன்னதற்கு வேகப் பயிற்சி, பின்னதற்கு மாறிலி ஐயா சொன்ன வழி. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்துப் பயனில்லை.


மாறிலி எழுதியது:

இதை நான் அப்படியே ஏற்கிறேன். நேரம் இருந்தும் தவறியதை அடையாளம் காண்பது அவ்வளவு முக்கியம்.


கோணமானி எழுதியது:

வேக வினா ஒன்று. ஒரே தூரத்தைப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், திரும்பும்போது 60 கிலோமீட்டர். சராசரி வேகம் 50 என்று எழுதிவிடத் தோன்றும். தூரத்தை 120 என்று வைத்தால் போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி, சராசரி 48. 

மாற்றிப் பாருங்கள். வேகங்களை க, ப என்று இரண்டு வேறு மிகை எண்களாக வைத்தால் சராசரி 2கப/(க + ப). இது (க + ப)/2-ஐவிட எப்போதும் குறைவு, ஏனென்றால் அப்படிச் சொல்வதும் (க − ப)² > 0 என்று சொல்வதும் ஒன்றே. மேலே க + 1/க வினாவில் வந்த அதே வர்க்கம். சமமான தூரத்துக்குப் பதில் சமமான நேரம் என்று ஒரு சொல்லை மாற்றினால் 50-தான் சரி.


கதிர்மதி எழுதியது:

கடைசியாக ஒன்று. இது பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வகை.

ந ஒரு மிகை முழு எண். ந² ஆனது 72-ஆல் மீதியின்றி வகுபடும். கீழ்க்கண்டவற்றில் எவை ந-ஐக் கட்டாயம் மீதியின்றி வகுக்கும்? 6, 12, 24, 36.

72 = 2³ × 3². ந²-இல் 2-இன் அடுக்கு குறைந்தது 3 இருக்க வேண்டும். ஆனால் வர்க்கத்தில் ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கும் இரட்டைப்படை. ஆகவே 3 போதாது, 4 வேண்டும். அப்படியானால் ந-இல் 2² இருக்க வேண்டும். 3-ஐப் பொறுத்தவரை ஒன்று போதும். ந கட்டாயம் 12-இன் மடங்கு. விடை 6, 12. சரிதானே? நானே மாற்றியும் பார்த்தேன்: ந²-க்குப் பதில் ந³ என்று வைத்தால் 6 மட்டும் என்று வருகிறது.


பகாஎண் எழுதியது:

இரண்டும் சரி. முதலாவதில் 24-உம் 36-உம் ஏன் இல்லை என்பதற்கு ந = 12 ஒன்றே போதும்: 144 = 72 × 2.

ந³ என்றால் 2³-க்கு ந-இல் ஒரே ஒரு 2 போதும். 3²-க்கு ஒரே ஒரு 3 போதும். ந = 6 என்றால் 216 = 72 × 3. ஆகவே 12, 24, 36 மூன்றும் விழுந்துவிடுகின்றன.

இனி ந²-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 72-ஐ 108 ஆக்கிப் பாருங்கள்.


கதிர்மதி எழுதியது:

108 = 2² × 3³. இப்போது 3-இன் அடுக்குதான் ஒற்றைப்படை, அது 4 ஆக உயர வேண்டும். ந-இல் 2-உம் 3²-உம் கட்டாயம், ஆகவே 18-இன் மடங்கு. கொடுத்த நான்கில் 6 மட்டும். ந = 18 என்றால் 324 = 108 × 3; 12, 24, 36 எதுவும் 18-ஐ வகுக்காது.


பகாஎண் எழுதியது:

சரி.